கல்லுக்கும் உண்டு சேதாரம்!

ஸ்கூலில் இந்தியா மேப்பைக் கையில் கொடுத்து, 'காம்பே வளைகுடாவைக் குறிக்கவும்' என்று கேட்பார்கள். குஜராத் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் இரண்டு இடங்களில் கீழே இருப்பது. நீல பென்சிலால் ஒரு தீற்று தீற்றினால் மார்க். அதற்குமேல் காம்பேயோடு நமக்கு என்ன கொடுக்கல் வாங்கல்?

இருந்திருக்கிறது சார்! கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புச் சிவப்பாக மணிகள் வைத்திருக்கிறார்கள். சூதுபவளம். இந்தக் கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கொங்குநாட்டுக் கொடுமணலிலும் இதே கதைதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், கூரியர் இல்லாத காலத்தில், ஒரு மிளகு சைஸ் மணி அங்கிருந்து வைகைக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அந்த ஊரைப் பார்க்காமல் இருக்கலாமா? அக்கா வேறு வதோதராவில் இருக்கிறாள். சாப்பாடு, படுக்கை இலவசம். கிளம்பிவிட்டேன்.

காம்பேக்கு இப்போது பெயர் கம்பாத். ஆனந்த் ஜங்ஷனில் மாறி, கிளைப் பாதையில் போகிற ரயிலில் ஏறினால் புகையிலை வயல்களுக்கு நடுவே ஆடி அசைந்து கொண்டுபோய் விடுகிறது. மார்க்கோ போலோ எழுதிய ஊர். இபன் பதூதா வந்த ஊர். 1325-ல் கட்டிய ஜாமி மசூதி, தூண்களின் காட்டோடு இன்னும் கம்பீரமாக நிற்கிறது. ஒரு காலத்தில் அரபு தேசத்துக் கப்பல்கள் வரிசை கட்டி நின்ற துறைமுகத்தில் இப்போது கடலைத் தேட வேண்டியிருக்கிறது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறைமுகம் தூர்ந்தே போனது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு.

கடல் கைவிட்ட ஊர் பட்டம் செய்கிறது, அப்பளம் இடுகிறது, ஹல்வாசன் என்று ஓர் இனிப்பு செய்கிறது (நம்மூர்ப் பால்கோவாவுக்கு அண்ணன் முறை). இது எல்லாவற்றையும் விடப் பழைய தொழில் ஒன்று, கல் தேய்ப்பது.

'அகீக்' என்கிறார்கள். இங்கிலீஷில் அகேட். சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓடி ஆறியபோது, உள்ளே காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொண்டு பொந்துகளாக நின்றன. அந்தப் பொந்துகளில் சிலிக்கா கலந்த தண்ணீர் புகுந்து, படலம் படலமாகப் படிந்து இறுகியதுதான் அகேட். வெளியே பார்த்தால் வேகாத உருளைக்கிழங்கு. அறுத்தால் உள்ளே வளையம் வளையமாகக் கோலம். பரூச் மாவட்டத்து ரத்தன்பூர் பக்கம் தோண்டி எடுத்து இங்கே கொண்டு வருகிறார்கள். அங்கே குன்றின்மேல் பாபா கோர் என்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பெரியவரின் தர்கா இருக்கிறது. இந்தத் தொழிலுக்கே அவர்தான் ஆதிகுரு என்று நம்பிக்கை. ஆனால் தொழில் அவருக்கும் முந்தையது. பக்கத்து லோத்தலில் ஹரப்பா காலத்து மணிப் பட்டறையையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். கெனோயர், விடாலே, குல்தீப் பான் என்ற மூன்று ஆய்வாளர்கள், 'ஹரப்பாக்காரன் எப்படி மணி செய்திருப்பான்?' என்று தெரிந்துகொள்ள கம்பாத் பட்டறைகளில் வந்து உட்கார்ந்து பார்த்து, 1991-ல் கட்டுரையே எழுதினார்கள்.

நானும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அக்கா வீட்டுக்காரர் விடவில்லை.

"இவ்ளோ தூரம் வந்துட்டு வேடிக்கையா பாக்கறது? உக்காந்து ஒரு கல்லைத் தேயி மாப்ளே. பி.காம். படிச்ச கை, தேய்மானம்னா பேப்பர்லதானே போட்டிருக்கும்" என்றார் மாமா. ஊர் முழுக்கத் தெரிந்த மனுஷர். ஒரு சந்துக்குள் கூட்டிப் போய், ஒரு பெரியவர் முன்னால் உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரியவருக்கு அறுபத்தைந்து வயசு இருக்கும். எல்லோரும் அவரைக் 'காகா' என்கிறார்கள். குஜராத்தியில் காகா என்றால் சித்தப்பா. கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அமாவாசைக்கு மொட்டை மாடியில் சோற்று உருண்டை வைத்துவிட்டு நிற்கிற மாதிரியே இருந்தது. அவர் இந்தியில் பேச, நான் தூர்தர்ஷன் ராமாயணத்தில் கற்ற இந்தியில் பதில் சொல்ல, காரியம் ஓடியது.

காகா பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் கொடுத்தார். மூன்று அங்குல அகலம், கால் அங்குல கனம். வைர ரம்பத்தில் அறுத்தது. (இந்த ரம்பத்துக்குப் பல் கிடையாது. வட்டத் தகட்டின் விளிம்பில் வைரத் தூள் பதித்திருக்கும். அறுப்பதில்லை, அரைத்துக்கொண்டே உள்ளே போகிறது என்பதுதான் சரி.) முகத்தில் வில் வில்லாக ரம்பத் தழும்பு. அறுத்து முடியும் கடைசி நொடியில் கல் தானாக முறிந்ததால் ஓரத்தில் ஒரு மூக்கு. சிமென்ட் கலர். ஏமாற்றமாக இருந்தது. காகா அதைத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்தார்.

அடடா! தேன் கலர், நடுவில் பால் வளையங்கள், ஓரத்தில் குங்குமச் சிவப்பு. "இதுக்கு மேல எதுக்கு காகா பாலிஷ்?" என்றேன்.

"பொறு பேட்டா" என்று துணியால் துடைத்துக் கையில் கொடுத்தார். மறுபடி சிமென்ட்.

"தண்ணி பட்டா எல்லாக் கல்லும் அழகிதான். காஞ்சப்புறம் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

பெண் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே இருந்தது.

விஷயம் இதுதான். கரடுமுரடான முகத்தில் வெளிச்சம் பட்டால் நாலா திசையும் சிதறும், அதனால் வெளிறித் தெரியும். பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பினால் முகம் தற்காலிகமாகச் சமமாகும், உள்ளே இருக்கும் கலர் தெரியும். மெருகு போடுவது என்றால் மேலே எதையும் பூசுவதில்லை. தண்ணீர் இரண்டு நிமிஷத்துக்குச் செய்வதை, கல்லையே தேய்த்துத் தேய்த்து நிரந்தரமாகச் செய்வது.

மோட்டார் சக்கரத்தில் எனக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். "உன் நகம்தான் பாலிஷ் ஆகும்." எனக்குக் கிடைத்தது தரையில் ஒரு சாக்கு, அதன்மேல் கனமான கண்ணாடித் தட்டு ஒன்று, கார்போரண்டம் பவுடர் நாலு டப்பா. 80, 220, 500, 1000 என்று நம்பர். அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் சலித்தது 80 நம்பர். எண் ஏற ஏறத் தூள் நைஸ். ரவை, மைதா, முகப் பவுடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினத்தில் அகேட்டுக்கு 10-க்கு ஏறக்குறைய 7 மார்க். கத்தி, கண்ணாடி எல்லாம் ஐந்தரை சுமாருக்கு நின்றுவிடும். கார்போரண்டம் 9-க்கு மேல். வைரம் மட்டும் சென்ட்டம்.

முதல் வேலை முகத்தில் இல்லை, விளிம்பில். ஒரு சாணைக்கல்லால் சுற்றிலும் சரிவாக விளிம்பை மழுக்கச் சொன்னார். கூர் விளிம்பை அப்படியே விட்டால், பாதி வேலையில் பொடிச் சில்லாக உடைந்து கல்லுக்கும் தட்டுக்கும் நடுவே மாட்டி, உழைத்த முகத்தில் கோடு போட்டுவிடுமாம். அடுத்து அந்த மூக்கைத் தேய்த்துத் தீர்ப்பது. அதன்பிறகு ஒரு பென்சிலை எடுத்துக் கல்லின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டார். கோடு அழிந்த இடம் தேய்ந்த இடம். கோடு மிச்சம் இருந்தால் அங்கே இன்னும் பள்ளம். இதைவிட ஒழுங்கான ஆடிட்டை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

80 நம்பர் ஒரு ஸ்பூன், தண்ணீர் இரண்டு ஸ்பூன். கல்லைக் கவிழ்த்து வைத்து இங்கிலீஷ் எட்டு போட வேண்டும். வட்டமாகவே சுற்றினால் ஒரு பக்கம் சாயும். எட்டு போட்டால் எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். நடுநடுவே கல்லைக் கால் வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது.

சத்தம் இருக்கிறதே... முதலில் தெருநாய் உறுமுகிற மாதிரி. தூள் உடைய உடைய உறுமல் குறைந்து முணுமுணுப்பாகும். அப்போது புதுத் தூள் போட வேண்டும். கண்ணால் பார்த்து அல்ல, காதால் கேட்டு வேலை செய்கிற தொழில் இது. அம்மியில் தேங்காய் அரைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கரகர என்றிருப்பது வழுவழு ஆவது காதுக்குத்தான் முதலில் தெரியும்.

பத்து நிமிஷத்தில் பென்சில் கோடு ஓரத்தில் மட்டும் அழிந்தது. மறுபடி கட்டம். மறுபடி எட்டு. டீ வந்தது. மறுபடி எட்டு. கை கழன்று தனியாகப் போய்விடும் போல இருந்தது. ரம்பத் தழும்பு மட்டும் அசையவில்லை. பகல் சாப்பாட்டுக்குள் 80 நம்பர் முடிந்தது. "இதுதான் முக்கால் வேலை. இங்க அவசரப்பட்டவன் ஆயிரம் நம்பர்ல போய் அழுவான்" என்றார் காகா. ரவையின் கீறலை ரவைதான் எடுக்க வேண்டும். முகப் பவுடர் போட்டு எடுக்க முடியாது.

நம்பர் மாறும்போது நடக்கிற சடங்கு இருக்கிறதே! கல்லைப் பிரஷ் போட்டுக் கழுவு. கையைக் கழுவு. நகக்கண்ணைக் கழுவு. தட்டை மாற்று. துணியை மாற்று. உட்கார்ந்த சாக்கைக்கூட உதறி மாற்றச் சொன்னார். 80 நம்பரில் ஒரே ஒரு பருக்கை 500 நம்பர் தட்டுக்குள் வந்துவிட்டால் போயிற்று, ரயில் தண்டவாளம் மாதிரி ஒரு கோடு, திரும்ப ஆரம்பத்திலிருந்து. என் பாட்டி மடி, ஆசாரம் பார்த்தபோது சிரித்தவன் நான். காகாவின் ஆசாரத்துக்கு விஞ்ஞானக் காரணம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகக் கூடாது. எல்லாம் ஒரு தனி வாளிக்கு. சாக்கடையில் விட்டால் சிமென்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும் என்றார். காரணம் அது மட்டும் இல்லை என்று மறுநாள் தெரிந்தது.

220. 500. சாயங்காலம் 1000. ஒவ்வொரு தடவையும் துடைத்து, உலர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். முன் நம்பரின் கீறல் ஒன்று மிச்சமிருந்தாலும் அடுத்ததற்குப் போகக் கூடாது. 1000 நம்பர் முடிந்து கல் பட்டு மாதிரி வழவழ என்று இருந்தது. ஆனால் பளபளப்பு? சுத்தமாக இல்லை. பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி போல மங்கல். ஒரு பகல் முழுக்க உழைத்ததற்கு இதுவா என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு எழுந்தேன். எழுந்தேன் என்பது சும்மா மரியாதைக்கு. தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை தோல் ஒட்டிய மரப்பலகையைப் போட்டார். லேசான ரோஸ் கலரில் ஒரு தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவினார். சீரியம் ஆக்ஸைடு. கண்ணாடி லென்ஸுக்கு மெருகு போடுவதும் இதை வைத்துத்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் தூள் அகேட்டை விட மிருதுவானது. மிருதுவானது எப்படிக் கடினமானதைத் தேய்க்கும்? தண்ணீரோடு சேர்ந்து கல்லின் மேல்தோலோடு ரசாயன உறவு வைத்துக்கொண்டு, துளித் துளியாகப் பெயர்க்கிறது. இதுவரை நடந்தது அடிதடி. இனிமேல் சமரசப் பேச்சு.

இங்கே கொஞ்சம் அழுத்தலாம். பலகை முக்கால்வாசி உலர்ந்து கல்லைப் பிடித்து இழுக்கும்போதுதான் வேலை நடக்கிறது. சூடு ஏறினால் கல் விரிந்து போகும், அதனால் உள்ளங்கையில் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு துடைத்துப் பார்த்தால் நடுவில் எட்டணா அளவுக்கு ஒரு பளிச். அது ஓரத்துக்குப் பரவியது. மேலே இருந்த ட்யூப்லைட் கல்லுக்குள் தெரிந்தது. முதலில் புகையாக, பிறகு ஓரங்கள் நறுக்கென்று. உலர்ந்த கல்லில், தண்ணீரே இல்லாமல், நேற்று வாளியில் பார்த்த அதே தேன் கலர்!

சத்தியமாகச் சொல்கிறேன், என் பி.காம். சர்ட்டிபிகேட்டைக்கூட நான் இவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

"எவ்ளோ விலை போகும் காகா?"

"உன் ரெண்டு நாள் கூலியும் சேர்த்தா? சூரத்து வைர வியாபாரி வந்தாத்தான் வாங்க முடியும்."

அப்புறம் என்னை வாளியிடம் கூட்டிப் போனார். ராத்திரி முழுக்கத் தெளிந்து, மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. அதைச் சாய்த்து ஊற்றினார். அடியில் சாம்பல் கலரில் களி. ஒரு கை அள்ளிக் காட்டினார். "பவுடர் பாதி, உன் கல்லு, உன் தட்டு பாதி." நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று பில் போடுவார்களே, அந்தச் சேதாரத்தைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். "இது வாளியில இருக்கு. இல்லாட்டி எங்க இருக்கும் தெரியுமா?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அகேட் முழுக்க முழுக்கச் சிலிக்கா. மணி தேய்ப்பவர்கள் மோட்டாரில் சுழலும் எமரி சக்கரத்தில் உலர்ந்த கல்லைப் பிடிக்கிறார்கள். பறக்கிற தூளில் கண்ணுக்குத் தெரிவது ஆபத்தில்லை, மூக்கிலேயே நின்றுவிடும். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூள்தான் நுரையீரலின் அடிவரை போகும். அதை விழுங்க வருகிற செல்கள் விழுங்கிவிட்டுச் செத்துப்போகும். செத்த இடம் தழும்பாகும். தழும்பு கூடக் கூட நுரையீரல் விறைக்கும். பெயர் சிலிக்கோசிஸ். வந்தால் போக்க மருந்து கிடையாது. கைக்குட்டை, துப்பட்டா கட்டிக்கொண்டால் இந்த நைஸ் தூளுக்கு அது தடையே இல்லை. அகமதாபாத்தில் இருக்கும் தேசிய தொழில்சார் உடல்நல நிறுவனத்து டாக்டர்கள் 1980-களிலிருந்தே கம்பாத் வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். சக்கரத்தைத் தொடாமல், பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் இந்த நோய் இருந்ததைக் கண்டார்கள். தூசியை உறிஞ்சும் கருவியும் செய்து பார்த்தார்கள்.

காகாவின் அண்ணன் இந்தச் சந்தில்தான் சக்கரம் பிடித்தார். நாற்பது வயசுக்குள் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டி.பி. என்றார்கள். எக்ஸ்-ரேயில் இரண்டுக்கும் ஜாடை ஒன்று, போதாததற்கு சிலிக்கோசிஸ் வந்தவர்களுக்கு நிஜ டி.பி.யும் சுலபமாக வரும். மாத்திரை, மறுபடி மாத்திரை. "எங்க அண்ணனுக்கு என்ன வியாதின்னு அவர் போனப்புறம்தான் எங்களுக்குப் பேர் தெரிஞ்சுது" என்றார். அன்றிலிருந்து காகா பட்டறையில் உலர்ந்த கல் சக்கரத்தில் படுவதில்லை. எல்லாமே தண்ணீரில். அதனால்தான் மணி விட்டு வில்லைக்கு மாறினார். வருமானம் குறைச்சல்தான் என்றார்.

(நம்மூரில் வீட்டு வாசலில் கிரானைட் பலகையை, டைல்ஸை, மெஷினில் உலர வைத்தே அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவே வெள்ளையாகும். அதுவும் இதே தூள்தான். ஆஸ்திரேலியாவில் சிலிக்கா அதிகமுள்ள செயற்கைக் கிச்சன் கற்பலகையையே 2024 ஜூலையிலிருந்து தடை செய்துவிட்டார்கள். ஒரு பாட்டில் தண்ணீரைச் சொட்டவிட்டு அறுக்கச் சொல்ல நமக்கு என்ன செலவு?)

"எல்லாரும் தண்ணியிலயே தேய்ச்சா என்ன காகா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் எதிர்ச் சந்தைக் காட்டினார். திறந்த வாசலில் ஓர் இளைஞன் சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தான். இமையில், மீசையில், காய்ந்துகொண்டிருந்த புடவையில் எல்லாம் வெள்ளை. அண்ணன் மகன்.

நான் என் வில்லையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பையன் சக்கரத்தை நிறுத்தினான். கல்லைச் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, தொழில் தெரிந்தவன் பார்க்கிற மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தான்.

"தண்ணியிலயா?"

"ஆமா."

"எத்தனை நாள்?"

"ரெண்டு."

கால்பக்கத்தில் இருந்த தட்டை என் பக்கம் நகர்த்தினான். சிவப்பு மணிகள். காலையிலிருந்து தேய்த்தது. எண்ணவில்லை, நூற்றுக்குக் குறையாது. ஒவ்வொரு மணிக்கும்தான் கூலி. "தண்ணி விட்டா எங்க தேஞ்சிருக்கு, எங்க தேயலைன்னு தெரியாது பாய். துடைச்சுத் துடைச்சுப் பாத்தா இதுல பாதிகூட ஆகாது" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான்.

"இந்தச் சக்கரம்..." என்று இழுத்தேன்.

"அப்பாவோடது" என்றான். மோட்டார் மட்டும் புதுசாம்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மாமா வருகிற நேரம். எதிரே ஸ்விட்ச் போடுகிற சத்தம் கேட்டது. காகா எழுந்து போய் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.